பகலில் உருகும் உப்பு

என் வேலை தட்டிப் பார்ப்பது. அடையாள அட்டையில் க்யூ.சி. என்று கௌரவமாகப் போட்டிருக்கும். எட்டு மணி நேரமும் நான் செய்வது என்னவோ, பெல்ட்டில் வரும் பிளாஸ்டிக் பலகைகளை விரல் முட்டியால் தட்டுவதுதான். 'டக்' என்று கெட்டியாகச் சத்தம் வந்தால் பாஸ். 'சளக்' என்று உள்ளே ஆடினால் ரிஜெக்ட். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இருக்கும் எங்கள் கம்பெனி, மருந்துப் பெட்டிகளுக்குள் அடுக்கும் குளிர்ப் பலகைகளைச் செய்கிறது. தடுப்பூசியும் இன்சுலினும் வெயிலில் வேன் ஏறிப் போகும்போது கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வது இவைதான். உள்ளே உப்பும் தண்ணீரும் கலந்த ஒரு சரக்கு. அதைக் குளிர் அறையில் உறைய வைத்து என்னிடம் அனுப்புவார்கள். ஆறு வருஷமாகத் தட்டியதில் என் நடுவிரல் முட்டி காய்த்துப்போய்விட்டது. அந்த ஆறு வருஷமும் அதை நான் வெறும் ஐஸ் கட்டி என்றே நினைத்திருந்தேன். மரியாதை எல்லாம் பிறகு வந்தது.

போன வருஷத்துக் கோடையில் என் வீட்டுக்காரரின் பேண்ட்டைத் துவைக்க எடுத்தபோது, இடது கால் ஓரம் ஒரு சாண் அளவுக்குக் கருகியிருந்தது.

அவர் இரும்புக் கம்பி மில்லில் நைட் ஷிஃப்ட். உலையிலிருந்து சிவந்து ஓடிவரும் கம்பியின் தலையை நீள இடுக்கியால் பிடித்து, திருப்பி, அடுத்த உருளைக்குள் விட வேண்டும். கம்பி யாருக்காகவும் நிற்காது. பிடிப்பவன் கண் அசந்தால் அது காலைத் தேடி வரும். பேண்ட்டைக் கையில் வைத்துக்கொண்டே போய்க் கேட்டேன்.

"இன்னா மாமா இது?"

"ஒண்ணும் இல்ல. கம்பி கொஞ்சம் வழுக்கிச்சி."

"வழுக்கிச்சா, நீ தூங்கினியா?"

"கண்ண மூடினேன். ஒரு செகண்டு. சூப்ரவைசர் பாத்துக்கினு இருந்தாரு. இன்னொரு வாட்டி மூடினா கேட்டுக்கு வெளியன்னு சொல்லிட்டாரு."

கேட்டுக்கு வெளியே போனால் பரவாயில்லை, வேறு மில் இருக்கிறது. என் பயம் கம்பியைப் பற்றியது. அவர் தூங்காததுதான் காரணம் என்று எனக்குத் தெரியும். தூங்காததற்குக் காரணம் எங்கள் வீடு.

எங்களுடையது கல் சுவர் வைத்து மேலே சிமெண்ட் ஷீட்டு போட்ட வீடு. முன்னறை, பின்னறை, ஓரமாக ஒரு சமையல் இடம். அவர் காலை ஆறரைக்கு வந்து பின்னறையில் படுப்பார். அதற்குள் நானும் மாமியாரும் வேலைக்குக் கிளம்பியிருப்போம். மாமியாருக்கு இன்னொரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங். எனக்கு அப்பாவின் அக்காவும்கூட, அதனால் அத்தை. பத்து மணிக்கெல்லாம் ஷீட்டு காய்ந்து, அடுப்பில் போட்ட தோசைக்கல்லாகிவிடும். ஃபேன் அந்தச் சூட்டை அப்படியே எடுத்து அவர் மேல் கொட்டும். இரண்டரை மணிக்கு நான் ஷிஃப்ட் முடிந்து வரும்போது அவர் முன்வாசல் படியில் ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ராத்திரி முழுக்க நெருப்புக்கு முன்னால் நின்றுவிட்டு வந்த மனிதருக்குப் பகலிலும் நெருப்புதான் கிடைத்தது. நனைத்த சாக்கு, சுண்ணாம்பு, தெர்மாகோல், வாடகைக்கு எடுத்த ஏர்கூலர் என்று நாங்கள் பார்க்காத வைத்தியமில்லை. கூலர் போட்ட அன்றைக்கு அறை இட்லிக் குண்டானாகிப் போனது. கடல் பக்கத்து ஊரில் ஈரக்காற்றுக்கு மேல் ஈரக்காற்றை ஊதினால் வேறென்ன ஆகும்.

அந்த வாரம் எங்கள் கம்பெனியில் புது அயிட்டத்துக்கான சோதனை நடந்துகொண்டிருந்தது. கட்டடங்களின் கூரைக்கு அடியில் வைக்கிற பலகை. அதைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த இன்ஜினியர் மேடம் என்னைவிடப் பத்து வயசு சின்னவர். என்னை அக்கா என்பார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "ஐஸை வீட்டுக் கூரையில வெச்சா மத்தியானத்துக்குள்ள தண்ணியாகி ஒழுகும், இதுக்கு ஒரு இன்ஜினியரா" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது அவர் காதில் விழுந்துவிட்டது. கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். சாப்பாட்டு நேரத்தில் வந்து தன் அறைக்குக் கூட்டிப்போனார்.

"அக்கா, ஐஸ் ஜீரோ டிகிரியில உருகும். நான் செய்யறது முப்பத்திரண்டுல உருகும். வித்தியாசம் அவ்வளவுதான்."

"முப்பத்திரண்டுன்னா அது குளிரே இல்லையே மேடம்."

"உங்க ரூம் நாப்பதுல இருக்கும்போது?"

எங்கள் பின்னறை மத்தியானத்தில் நாற்பதைத் தாண்டும்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். வெயில் ஏறும்போது பலகைக்குள் இருக்கும் உப்பு உருக ஆரம்பிக்கும். உருகி முடிகிற வரைக்கும் வருகிற சூட்டையெல்லாம் வாங்கி உள்ளே வைத்துக்கொள்ளும். ஆனால் அது மட்டும் முப்பத்திரண்டை விட்டு ஏறாது. ராத்திரி குளிர்ந்ததும் மறுபடி கெட்டியாகி, வாங்கின சூட்டைத் திருப்பிக் கொடுத்துவிடும். கரண்ட் கிடையாது, மோட்டார் கிடையாது.

"வாங்கின சூடு எங்க போய் ஒளிஞ்சிக்கும்?" என்று கேட்டேன்.

மேடம் ஏ.சி.க்குக் கீழே வைத்திருந்த, உள்ளே தெரிகிற ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். உள்ளே தெளிந்த நீர். பை ஜில்லென்று இருந்தது. "இது எப்பவோ உறைஞ்சிருக்கணும். மறந்துட்டு நிக்குது. இதுல ஞாபகப்படுத்துற மருந்து இன்னும் சேர்க்கலை" என்றார். பிறகு பையின் வாயைத் திறந்து, கடுகளவு உப்புத் தூளைக் கிள்ளிப் போட்டார்.

தூள் விழுந்த இடத்திலிருந்து ஒரு வெள்ளை கிளம்பியது. ஊசி ஊசியாகக் கிளைத்து, கண் மூடித் திறப்பதற்குள் பை முழுக்க ஓடி, தண்ணீர் கல்லாகிவிட்டது. அது கல்லாகும்போதே என் கை சுட்டது. பயந்து கீழே போடப் பார்த்தேன். கொதிக்கிற சூடு இல்லை, ஜில்லிட்டிருந்த உள்ளங்கைக்கு, காய்ச்சல்காரர் நெற்றியைத் தொட்டால் தெரியுமே அந்தச் சூடு. உறைகிற பொருள் சுடும் என்று அதுவரை யாராவது சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன். ஆறு வருஷம் தட்டிக்கொண்டே இருந்தேனே தவிர, ஒரு நாளும் கையில் பிடித்துப் பார்க்கவில்லை.

"இதுதான் ஒளிஞ்சிருந்த சூடு" என்றார் மேடம்.

அந்தச் சோதனைக்குச் செய்த பலகைகளில் அறுபது, அளவு தப்பி ஒரு விரற்கடை தடிமன் கூடிப்போயிருந்தன. ஒழுகல் எதுவும் இல்லை. ஆனால் வாங்குகிறவரின் கூரைச் சட்டத்துக்குள் நுழையாது. உடைத்துப் போடுவதற்காகக் கிடங்கு ஓரத்தில் அடுக்கியிருந்தார்கள். மூன்று நாள் அவற்றைக் கடந்து கடந்து போனேன். நாலாம் நாள் கருகின பேண்ட் துணியில் ஒரு துண்டை வெட்டி எடுத்துப்போய் மேடத்திடம் காட்டினேன். என்ன சொல்லி ஆரம்பித்தேன் என்று நினைவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது மட்டும் நினைவிருக்கிறது. மேடம் அந்தத் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேலே பேசி, 'ஷீட்டு வீட்டில் சோதனை' என்று எழுதி, அறுபதையும் எங்கள் வீட்டுக்கு அனுப்ப அனுமதி வாங்கினார். கூடவே அறையில் மாட்ட ஒரு சின்ன வெப்பமானியும் கொடுத்தார். தினமும் மத்தியானம் அதைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்பதுதான் ஒரே நிபந்தனை.

வார லீவில் என் வீட்டுக்காரரே இரும்பு ஆங்கிளை வெட்டி வெல்டிங் வைத்து, சுவருக்குச் சுவர் ஒரு சட்டம் அடித்து, ஷீட்டுக்கு ஒரு முழம் கீழே பலகைகளை வரிசையாக ஏற்றினார். அத்தை கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்.

"தல மேல பாறாங்கல்ல வெச்சிக்கினு தூங்கப் போறியா நைனா?"

"உன் மருமவ கம்பேனி கல்லு. வுழுந்தா அவளக் கேளு" என்றார் மகன்.

முதல் நாள் மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். வாசற்படி காலியாக இருந்தது. பின்னறையில் அவர் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். வெப்பமானி முப்பத்துநாலு காட்டியது. முழு மனிதர் ஒருவர் வெயில் காலத்துப் பட்டப்பகலில் என் வீட்டில் தூங்குவதைக் கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அன்றுதான் பார்த்தேன். சந்தோஷத்தில் முக்காலி மேல் ஏறி, பழக்க தோஷத்தில் ஒரு பலகையைத் தட்டினேன். சளக்.

தூக்கிவாரிப்போட்டது. அடுத்ததும் சளக். சரக்கு கெட்டுப்போய்விட்டது என்று மேடத்துக்கு உடனே செய்தி போட்டேன். அவர் போனில் கூப்பிட்டுச் சிரித்தார்.

"அக்கா, உருகினாத்தான் அது வேலை செய்யுதுன்னு அர்த்தம். இங்க மாதிரி மத்தியானத்துல தட்டாதீங்க. விடியக்காலையில தட்டுங்க. அப்ப 'டக்'னு இருக்கணும்."

இரண்டாம் நாள் முப்பத்தாறு. பன்னிரண்டு மணிக்கே எழுந்துவிட்டதாக வீட்டுக்காரர் சொன்னார். மூன்றாம் நாள் நாற்பதுக்கு ஒன்றே குறைவு. ஈரத்துண்டும் அவருமாக மறுபடி வாசற்படியில்.

"உன் உப்பு செத்துப்போச்சு. அடுத்த லீவுல எல்லாத்தையும் எறக்கிடுறேன்" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. முதல் நாள் தூங்கிய தூக்கம் உடம்புக்கு ருசி காட்டிவிட்டுப் போயிருந்தது. முன்னைவிடத் தள்ளாடிக்கொண்டு அன்று மில்லுக்குப் போனார். ஷிஃப்ட் முடியும் வரை போன் அடிக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு படுத்துக் கிடந்தேன்.

விடியற்காலை ஐந்து மணிக்கு, கம்பெனிப் பஸ்ஸுக்குக் கிளம்பும் முன், பின்னறையில் முக்காலி போட்டு ஏறினேன். ஒரு வரிசை விடாமல் தட்டினேன். சளக், சளக், சளக். அறுபதும் ரிஜெக்ட். என் அனுபவத்தில் அப்படி ஒரு ஷிஃப்ட் வந்ததில்லை. ராத்திரி முழுக்க அவை உறையவே இல்லை.

மேடத்திடம் ஓடினேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ராத்திரி அந்த ரூமுக்குள்ள காத்து எந்தப் பக்கம் வந்து எந்தப் பக்கம் போகுது?"

நான் யோசித்தேன். காற்று எந்தப் பக்கமும் வரவில்லை, எந்தப் பக்கமும் போகவில்லை. கம்பெனிகள் ராத்திரியில் விடுகிற கரித்தூளுக்குப் பயந்து பின்னறை ஜன்னலை எப்போதும் மூடிவைப்போம். மில்லுக்குப் போகும் மனிதருக்கு ராத்திரியில் அந்த அறை தேவையில்லை, நாங்கள் பெண்கள் முன்னறையில் படுப்பவர்கள். பின்கதவு இருக்கிறதே, அதை அத்தை சாயங்காலம் விளக்கு வைக்கும்போது சாத்துவார். விளக்கு வைக்கிற நேரத்தில் முன்கதவைத் திறந்து பின்கதவைச் சாத்த வேண்டும், இல்லாவிட்டால் முன்னால் வருகிற லட்சுமி பின்னால் போய்விடுவாள். எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். ஆறு மணிக்குச் சாத்திய கதவை யார் திறக்கப் போகிறார்கள்? மறுநாள் காலையில்தான் தாழ்ப்பாள் நகரும். பகலெல்லாம் உப்பு வாங்கி வைத்த சூடு வெளியே போக வழியில்லாமல் அந்த அறைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. என் கண்ணெதிரே இருந்த கதவு. இன்ஜினியருக்குப் புத்தி சொல்லக் கிளம்பினவளுக்கு அது தெரியவில்லை.

அன்று வெள்ளிக்கிழமை வேறு. அத்தை குளித்து, விளக்கேற்றி, வழக்கம்போலப் பின்கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் மெல்லப் பேச்சை எடுத்தேன்.

"அத்த, ராத்திரிக்கு அந்தக் கதவத் தொறந்து வெக்கணும்."

"இன்னாமே பேசுற? வெள்ளிக்கெழமயும் அதுவுமா?"

"மேல இருக்கிறது ராத்திரிலதான் சார்ஜ் ஆவும்."

அத்தை எழுந்து பின்னறைக்குப் போனார். அண்ணாந்து நாலு மூலையும் தேடிவிட்டு வந்தார். "சார்ஜுன்ற, ஒயரு எங்க? பிளக்கு எங்க?"

எனக்கு எரிச்சல் வந்தது. சூடு, உருகுவது, உறைவது என்று மேடம் சொன்னதையெல்லாம் ஒப்பித்தேன். அத்தையின் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. கடைசியில் வாய்க்கு வந்தபடி சொன்னேன். "அத்த, அதுக்குப் பகல் ஷிஃப்ட்டு. காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் உன் புள்ளைக்கு வர்ற வெயில அது வாங்கிக்கினு நிக்குது. ராத்திரி அது தூங்கணும். நாம கதவச் சாத்திக்கினா அதுக்கு ஏது தூக்கம்?"

அத்தை என்னைப் பார்த்தார். பிறகு பின்னறைப் பக்கம் பார்த்தார். இருபது வருஷமாக ஷிஃப்ட் பார்க்கிற உடம்பு அது.

"மூணு நாளா தூங்கவே இல்லியா அது?"

"இல்ல."

"அப்பறம் எப்படி வேல செய்யும்" என்றார். பிள்ளை மேல் வராத இரக்கம் பலகை மேல் வந்துவிட்டதே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு, "வெளக்கு மல ஏறட்டும். அதுக்கப்பறம் தொறக்கிறேன். லட்சுமி அதுக்குள்ள வந்து உக்காந்துடுவா" என்றார்.

விளக்கு மலையேறியதும் அவரே தாழ்ப்பாளை நீக்கினார். வெளியே கிரில் கேட் பூட்டியிருந்ததால் திருட்டுப் பயமில்லை. கொசுவுக்கும் கரிக்கும் பழைய கொசுவலையை நாலாக மடித்து ஜன்னலிலும் கதவிலும் கட்டினோம். டேபிள் ஃபேனை முக்காலி மேல் வைத்து, முகத்தைக் கூரைப் பக்கம் திருப்பிவிட்டேன். அத்தை போகும்போது ஃபேனைக் காட்டி, "நமக்கு?" என்றார். நாங்கள் இருவரும் அன்று விசிறி வைத்துக்கொண்டு படுத்தோம்.

ஐந்து மணிக்கு எழுந்து நேராகப் பின்னறைக்குப் போனேன். கொசுவலை வழியாகக் காற்று வந்துகொண்டிருந்தது. முக்காலி மேல் ஏறினேன். விரலை மடக்கினேன். தட்டப் பயமாக இருந்தது.

டக்.

அடுத்ததும் டக். ஓரத்தில் ஒரு ஏழெட்டு மட்டும் இன்னும் பாதியில் இருந்தன. அவற்றில் ஒன்றின் மேல் முழுக் கையையும் வைத்தேன். அறை குளிர்ந்திருந்தது, ஷீட்டு குளிர்ந்திருந்தது, பலகை மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. அது உறைந்துகொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் மேல் விழாமல் நேற்று மத்தியானம் அது வாங்கி வைத்த வெயில், சூரியன் இன்னும் கிளம்பாத நேரத்தில் என் உள்ளங்கையில் இறங்கிக்கொண்டிருந்தது. நேற்றைய வெயிலைத் தொட்டுக்கொண்டு நிற்கிறேன் என்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது. கோயிலில் கர்ப்பக்கிரகத்து முன்னால்கூட எனக்கு அப்படி ஆனதில்லை, பொய் சொல்ல மாட்டேன். உப்பும் தண்ணீரும். எங்கள் அடுக்களையிலும் அது இரண்டும் இருக்கிறது. பஸ் ஹாரன் அடிக்கும் வரை கையை எடுக்கவில்லை.

எல்லா நாளும் அப்படி அமைவதில்லை. கத்திரி உச்சத்தில், ராத்திரியும் புழுங்கித் தள்ளும் நாலைந்து நாட்கள் உண்டு. அப்போது பாதிப் பலகைகள் உறையாமல் நிற்கும். அன்று மத்தியானம் அவருக்குப் பாதித் தூக்கம்தான். மேடத்திடம் சொன்னபோது அதையும் குறித்துக்கொண்டார். மற்ற நாளெல்லாம் உப்பு தன் ஷிஃப்ட்டுக்குச் சரியாக வந்துவிடுகிறது.

அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். மத்தியானம் இரண்டரைக்குத் தெருமுனையில் இறங்கும்போதே பார்த்தேன், வாசற்படியில் யாரும் இல்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். முதுகில் வியர்வை இல்லை. வெப்பமானியைப் படம் எடுத்து அனுப்பிவிட்டு, சமைக்காமல், பாத்திரம் துலக்காமல், சத்தம் வருகிற எதையும் செய்யாமல் முன்னறையில் உட்கார்ந்திருந்தேன். மூன்றானது. நாலானது. மூச்சு வருகிறதா என்று இரண்டு தடவை எட்டிப் பார்த்தேன். வந்தது.

நாலரைக்கு எழுந்து வந்தார். கன்னத்தில் பாயின் கோடுகள். கண்கள் தெளிந்து, சின்னப் பிள்ளை மாதிரி விழித்துக்கொண்டு நின்றார்.

"மழ பேஞ்சிதா?" என்று கேட்டார்.

ஷீட்டு வீட்டில் பகலில் அப்படித் தூங்குவதற்கு அவருக்குத் தெரிந்த ஒரே காரணம் மழைதான். இல்லை என்று தலையாட்டினேன். நம்பாமல் வெளியே போய் வாசலில் வெறுங்காலை வைத்தார். தரை சுட்டு, வெடுக்கென்று காலை எடுத்துக்கொண்டார். அண்ணாந்து வெள்ளை வானத்தைப் பார்த்தார். பிறகு பின்னறைக்குத் திரும்பி வந்து, முக்காலி மேல் ஏறி, நான் செய்கிற மாதிரியே விரலை மடக்கி ஒரு பலகையைத் தட்டினார்.

சளக்.

முகம் சுருங்கி என்னைப் பார்த்தார்.

"பாஸ்" என்றேன்.